மலிவு விலை கிட்டாரும் ஒரு துண்டு எலும்பும்

ஜூன் 4

என் எலக்ட்ரிக் கிட்டாரின் மூன்றாவது கம்பி இன்றும் படுத்தியது. சுருதி சேர்த்துவிட்டு ஒரே ஒரு முறை வளைத்து இழுத்தால் போதும், கொஞ்சம் இறங்கி நின்றுவிடுகிறது. கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீகளைத்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தேன். இன்று, கம்பி இறங்கி நின்றபோது நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் காடிகளில் உட்காரும் சிறு துண்டு) கீக்கும் நடுவில் விரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். சுருதி பழைய இடத்துக்கே ஏறிவிட்டது! கீ வழுக்கவில்லை. கம்பி நட்டின் காடியில் சிக்கிக்கொண்டு திரும்பி வர மறுக்கிறது. கீயைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதிப்பதும் இதனால்தான்.

ஜூன் 5

காடிகளில் பென்சில் கரியைத் தேய்த்தேன். பாதி குணம்.

ஜூன் 11

எலும்பு நட் வந்துவிட்டது. பழையதைக் கழற்றுவதற்கு முன் ஓரத்து வார்னிஷைப் பிளேடால் கீறிவிட்டேன்; இல்லையென்றால் பெயர்ந்துகொண்டு வரும். ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டியதும் கையோடு வந்தது. அடியில் பார்த்தால் உள்ளே வெறும் கூடு, மெல்லிய பிளாஸ்டிக்.

புதியதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து மட்டமாக்கினேன். காடி அறுப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. அரம் கீகளின் பக்கம் சரிந்து இறங்க வேண்டும். கம்பி, விரல் அழுத்தும் ஃபிரெட் பலகையை ஒட்டிய விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும். முதல் கம்பிக்கு மட்டமாக அறுத்துவிட்டேன், உடனே ஒரு ரீங்காரம். தம்புராவில் குதிரை மேல் நூல் வைத்து ஆசையாக எடுக்கிற ஜீவா இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான். தம்புராவுக்கு அழகு, இங்கே வேண்டாம். சரிவாக அறுத்ததும் நின்றது.

ஆழத்துக்கு ஒரு சோதனை: மூன்றாவது ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு போன்ற குறுக்குப் பட்டி) கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் பார்க்க வேண்டும். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் அறுத்தால் விரல் வைக்காத வெறும் கம்பி ஃபிரெட்டில் உரசும்.

ஜூன் 13

கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் கம்பி நீளம் சரிசெய்தேன். 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஸ்வரம், அதே இடத்து ஹார்மோனிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) விடக் கூடினால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டான சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். ஆறு கம்பிக்கும் அரை மணி நேரம்.

ஜூன் 20

இன்று பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். பழையவற்றில் இரும்புக் குச்சிகள், அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை. புதியது அல்நிகோ 5 என்ற காந்த உலோகக் கலவை, குச்சிகளே காந்தம். கூடவே 250 கிலோ ஓம் பாட்டுகள் (ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களின் அடியிலுள்ள மின்தடைகள்). அவற்றின் தண்டு பழைய ஓட்டைக்குள் நுழையவில்லை. முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றி ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். பாட்டின் முதுகை உப்புத்தாளால் சுரண்டாமல் ஈயம் வைத்தால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சுரண்டிய பிறகு பளபளவென்று பரவிப் பிடித்தது.

பிக்கார்டின் அடியில் உள்ள குழிக்குள் தாமிரத் தாளும் ஒட்டினேன். கரகரப்பு நன்றாகக் குறைந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கே உரிய 'ஊம்ம்' மட்டும் அப்படியே இருக்கிறது. நடு பிக்கப்பின் சுருள் எதிர்த்திசையில் சுற்றியது என்பதால், பக்கத்து பிக்கப்போடு சேரும் இரண்டு சுவிட்ச் நிலைகளில் அதுவும் அடங்கிவிடுகிறது.

ஜூன் 21

ஆறாவது கம்பியை 15ஆவது ஃபிரெட்டில் மீட்டினால் ஸ்வரம் நெளிகிறது, இரண்டு சுருதி ஒன்றோடொன்று மோதுவது போல. நேற்று பிக்கப்பை உயரமாக வைத்துவிட்டேன். காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து 2.4 மி.மீ. இடைவெளி வரும்வரை திருகை இறக்கினேன். நெளிவு போய்விட்டது.

ஒலி முன்பைவிடத் தெளிவுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கும் கைக்குப் பெரிய மாற்றம் நட்டில் வந்தது. பிக்கப்பில் தொடங்கியிருந்தால், சுருதி நிற்காத கிட்டாரில் நல்ல ஒலி கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூன் 23

ட்யூனிங் கீகள் வாங்கவில்லை. மூன்றாவது கம்பியை இருபது முறை முழு ஸ்வரம் வளைத்து விட்டுவிட்டு ட்யூனரைப் பார்த்தேன். முள் நடுவிலேயே நிற்கிறது.