நோம்பிக்குத் தள்ளிப்போடலாம், பிள்ளைக்கு ஆகாதாம்

பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு மாத்திரை தனியாக ஓடும். தீக்குண்டமோ, பூச்சாட்டோ, கிடாவெட்டோ, எந்த நோம்பியானாலும் நாள் கணக்குப் பார்த்து "அந்த மாத்திரை" வாங்காத வீடு குறைவு. கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்க மாட்டார். மாமியாரே மருமகளுக்கு வாங்கி வந்து கொடுப்பதும் உண்டு. நாரெதிஸ்டெரோன் என்பது அதன் பெயர். கருத்தடை மாத்திரையைப் போல அதுவும் ஹார்மோன்தான். தீட்டு வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து தினமும் மூன்று வேளை போட்டால் நாள் தள்ளிப்போகும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கரு தங்காது என்று நினைக்கிற பெண்களை இன்னும் பார்க்கிறேன். இப்படிப் போடுவது கருத்தடை இல்லை. அந்த வேலைக்கு வேறு மாத்திரை, வேறு கணக்கு.

சாமி காரியத்துக்காக ஹார்மோனைத் தயங்காமல் கையில் கொடுக்கும் அதே வீட்டில், "பிள்ளையை ஒரு வருசம் தள்ளிப்போடலாமுங்களா" என்று கேட்டுப் பாருங்கள். கர்ப்பப்பை கெட்டுப்போகும், அப்புறம் தங்கவே தங்காது, குடும்பத்துக்கே ஆகாது என்று வரிசையாக வரும்.

எனக்குக் கல்யாணம் 2010 தையில். பிறந்தது காங்கயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில், வாழ வந்தது பெருமாநல்லூர்ப் பக்கம். அந்தப் பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்துக்கு வந்த ஒரம்பரையில் பாதிப்பேர் என் வயிற்றைப் பார்த்தார்கள், மீதிப்பேர் அத்தையிடமே கேட்டுவிட்டார்கள்: "மருமக முழுகாம இருக்கறாளாக்கு?" அத்தை வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் நான் அன்றைக்குக் கோயிலிலேயே நின்றிருந்தேன். முழுகாமல் இருக்கிறவளுக்கு அந்த மாத்திரை எதற்கு என்று அத்தைக்குத் தெரியும், சிரித்துச் சமாளித்தார்.

எம்.காம். கடைசி வருசம் தபாலில் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கும் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். படிப்பு முடியட்டும் என்பதில் வீட்டுக்காரருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதை அவர் தன் அம்மாவிடம் சொல்ல மாட்டார். ஆக, வேலை முடிந்து வரும் வழியில் நானே மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை வாங்கினேன்.

அந்த அட்டையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 28 மாத்திரை. 21 வெள்ளை, 7 பழுப்பு. வெள்ளையில்தான் மருந்து, ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம், புரோஜெஸ்டின் கொஞ்சம். கருமுட்டை வெளிவராமல் பார்த்துக்கொள்ளும். பழுப்பு மாத்திரை இரும்புச்சத்து, அதைப் போடும் வாரத்தில் தலைக்குக் குளிக்கிற நாள் வந்துவிடும். ஒருநாள் துணி மடித்து வைக்கும்போது அத்தை அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். "என்ன கண்ணு இது?" என்றார். "சத்து மாத்திரைங்க அத்தை" என்றேன். கால்வாசி உண்மைதானே.

ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட ஆரம்பித்ததும் சரியானது. சீரியலில் விளம்பர இடைவேளை வரும்போது எழுந்து போய்ப் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட வேண்டும். இரண்டு, அதற்கு மேல் விட்டால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாளைக்கு நிரோத் என்ற ஆணுறையும் வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அடுத்த ஆளைப் பார்ப்பார். ரத்தக்கொதிப்பு இருந்தாலோ, ஒற்றைத் தலைவலி வரும்போது கண் முன்னால் மின்னல்போல் தெரிந்தாலோ இந்த மாத்திரை ஆகாது. பிரசவமாகி ஆறு மாதம் வரை பால் கொடுக்கிறவர்களுக்கும் வேண்டாம் என்பார்கள். கடைக்குப் போகுமுன் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அங்கே மாலா-என் என்று இதே சங்கதி இலவசமாகவே கிடைக்கும்.

மாத்திரையை நிறுத்தினேன், மகள் உண்டானாள். கர்ப்பப்பை கெட்டுப்போகவில்லை.

மகள் பிறந்தது சிசேரியனில். பக்கத்துக் கட்டிலில் தாராபுரம் ரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு மாதம் கழித்துத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்ததாம், பிரசவத்தின்போதே கர்ப்பப்பைக்குள் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தை வைத்துவிட்டார்கள் என்று. பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியன் நடக்கும்போதோ வைக்கலாம் என்பது உண்மை. அதில் ஆபத்தில்லை, வசதியும்கூட. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம், வலியில் எதைப் படிப்பது? கையெழுத்து வாங்குவதும் சம்மதம் வாங்குவதும் ஒன்றா? அவள் போனில் அழுததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். நல்ல பொருளையே இப்படி வைத்தால், ஊரில் அதைப் பற்றிக் கதை கிளம்பாமல் என்ன செய்யும்?

கதைகளுக்குக் குறைவில்லை. அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், காலத்தில் லூப் வந்தது, 1965 வாக்கில். அதுவும் கர்ப்பப்பைக்குள் வைக்கிறதுதான். "நரம்பு வழியா நெஞ்சுக்கு ஏறிப் போயிருமாமா" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்குக் காப்பர் டிக்குச் சொல்கிறார்கள். கர்ப்பப்பையில் இருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது எப்போதாவது அரிதாக நடக்கும். தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. அதற்காகத்தான் அதில் கட்டியிருக்கும் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நான் ஆறாவது வாரம் நானாகக் கேட்டுப் போய் வைத்துக்கொண்டேன். காங்கயத்தில் அம்மா வீட்டில் இருந்த சமயம். திரைக்குப் பின்னால் கட்டில், காலை மடக்கிப் படுக்க வேண்டும். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "இருமு கண்ணு" என்றார். இருமினேன், அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, தீட்டு வலியைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான், நூலைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது. கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள், வைத்த தேதி, எடுக்க வேண்டிய வருசம். 380ஏ என்ற ரகம், பத்து வருசம் தாங்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது, ஹார்மோன் கிடையாது, பாலுக்குப் பாதகமில்லை.

முதல் சில மாதம் சும்மா இருக்கவில்லை. தீட்டு நாளில் வழக்கத்தைவிட அதிகமாகப் போனது, இடுப்பு விட்டுப்போனது. அம்மா முருங்கைக்கீரையாக வதக்கிப் போட்டார். ரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்திருந்ததால் இரும்பு மாத்திரையும் சேர்ந்தது. எடுத்துவிடலாமா என்று யோசித்த நேரத்தில் தானாக அடங்கியது. நூல் குத்துகிறது என்று வீட்டுக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். போய்க் குட்டையாகக் கத்தரித்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு அது இருப்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோனது. 2016இல் எடுத்தோம், அடுத்த வருசம் பையன்.

பையன் பிறந்த நாளில் இருந்து ஒரே கேள்விதான். "ஆபரேசன் பண்ணியாச்சா?" வாழ்த்துக்கு முன்னால் இது வரும். எங்கள் பக்கம் நிறுத்துவதற்கு ஊரே கூடி வழி சொல்லும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்த்தால் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெரியார் நம்ம ஈரோட்டுக்காரர். மற்றவர்கள் தாயின் உடம்புக்காக, நாட்டு வறுமைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று சொன்ன காலத்தில், பெண் சுதந்திரமாக இருப்பதற்காக வேண்டும் என்று எழுதினார். எங்கள் பக்கம் அதில் பாதியைத்தான் காதில் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையைக் குறைத்தார்கள், காடு தோட்டம் துண்டுபடக் கூடாது என்பதற்காக.

ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் நங்கை, இரண்டாவது பிரசவத்தோடு செய்துகொண்டவர். "அன்னிக்குப் போன பயம் அம்மிணி, அப்புறம் நிம்மதியாத் தூங்கறேன்" என்பார். கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள், தீட்டு நிற்காது, உடம்பு பெருக்காது. நான் தயங்கியதற்குக் காரணம் வேறு. எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தி, ஒரே பையனோடு நிறுத்திக்கொண்டவர். கல்லூரிக்குப் போன பையனை ரோட்டில் லாரி அடித்துவிட்டது. திரும்பக் குழாயை இணைக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடந்தார், வயது ஒத்துழைக்கவில்லை. 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு அந்த இணைப்பு அறுவையை அரசே இலவசமாகச் செய்து தந்தது. சிலருக்குப் பலித்தது. எல்லோருக்கும் பலிக்கிற காரியம் இல்லை அது. இதை நினைத்து யாரும் வாழ்க்கையை நடத்த முடியாதுதான், ஆனால் சித்தியைப் பார்த்துவிட்டு என்னால் அந்த மேசையில் படுக்க முடியவில்லை.

பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் சாயா என்ற கருத்தடை மாத்திரை போட்டேன். லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, கடையில் சஹேலி என்று வெகு நாளாகக் கிடைத்தது, 2017 முதல் அரசுத் திட்டத்தில் சாயா. ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. எனக்கு ஞாயிறும் புதனும், அப்புறம் ஞாயிறு மட்டும். கறி எடுக்கிற நாள் என்பதால் மறக்காது. ஆனால் தீட்டு அதன் இஷ்டத்துக்குத் தள்ளிப்போகும். அந்த மருந்தின் குணம் அது என்று தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவையும் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றபோது அதையும் விட்டேன். கொஞ்ச காலம் நிரோத்.

கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிற ஒருத்திக்கு அந்தரா என்ற கருத்தடை ஊசிதான் சரிப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரே அறை லைன் வீடு, மாமியாரும் அங்கேயே. மாத்திரை அட்டையை ஒளித்து வைக்க அவளுக்கு ஒரு பெட்டிகூடக் கிடையாது. ஊசி வீட்டில் எந்தத் தடயமும் வைக்காது. முதலில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, பிறகு தீட்டே நின்றுபோனது. பயந்துபோய் என்னிடம் வந்தாள். ஊசிக்கு அது சகஜம், போச்சாது என்றேன். ஆனால் நிறுத்தியதும் உடனே கரு நிற்காது, ஏழெட்டு மாதம், அதற்கு மேலும் ஆகலாம் என்பதையும் சொல்லிவைத்தேன். அடுத்த பிள்ளைக்குத் தேதி வைத்திருக்கிறவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

நான் 2022 தையில் திரும்பக் காப்பர் டிக்கே வந்துவிட்டேன். இந்த முறை 375, ஐந்து வருசத்து ரகம். இந்தத் தடவை வயிறு அவ்வளவு படுத்தவில்லை.

போன நவம்பரில் ஆண்களுக்கான வாசக்டமி, அதாவது கருத்தடை அறுவை, இருவார நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்தது. வருசா வருசம் ஒட்டுகிறார்கள். வீட்டுக்காரரிடம் போட்டோ எடுத்துக் காட்டினேன். கத்தி போடுவதில்லை, ஒரு சின்னத் துளைதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அத்தை காதில் விழுந்துவிட்டது. "அவன் மூட்டை தூக்கறவன், அவனுக்கெதுக்கு அதெல்லாம்? நீ பண்ணிக்க வேண்டியதுதானே" என்றார். நான் சிசேரியன் முடிந்து தையல் காயுமுன்னே குடம் தூக்கியதை நினைவுபடுத்தலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். இப்போது அத்தைக்கும் எனக்கும் சண்டை போடுகிற வயதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் வீட்டுக்காரர் தானாகவே போய் விசாரித்திருக்கிறார். இரவு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஆபரேசன் பண்ணினாலும் மூணு மாசத்துக்கு ஜாக்கிரதையா இருக்கோணுமாமா, அப்புறம் டெஸ்ட் வேற எடுக்கோணுமாமா?" ஆமாங்க என்றேன். "யோசிக்கலாம்" என்றார். அவர் யோசிக்கலாம் என்று சொன்ன டிராக்டர் வாங்க நாலு வருசம் ஆனது. என் காப்பர் டிக்கு அடுத்த தையோடு கெடு முடிகிறது, அட்டை பீரோவில் இருக்கிறது. தேதியை எடுத்துக் காட்டிவிட்டேன்.