வயிற்றில் மாட்ட ஒரு பேட்ஜ், அதற்கு ஐந்து வார அலைச்சல்

முதுகுத்தண்டு அறுவைசிகிச்சை சிறப்புப் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் என்று தெரிந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நான் வாயால்தான் சொன்னேன். துறைத்தலைவரும் மனதார வாழ்த்தினார். அந்த வாழ்த்தோடு விஷயம் முடிந்தது.

முதுகெலும்பில் திருகு பொருத்தும் கேஸ் என்றால் சி-ஆர்ம் எக்ஸ்-ரே (அறுவையின் நடுவிலேயே படம் காட்டும் கருவி) இல்லாமல் நடக்காது. வாரத்தில் மூன்று நாள் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கருவுக்கான கதிர்வீச்சு அளவைக் கணக்கிட, கதிரைத் தடுக்க அணியும் ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றுமட்டத்தில் தனியாக ஒரு பேட்ஜ் மாட்ட வேண்டும். அதைக் கேட்டுத்தான் அலுவலகம் போனேன். "இதுக்கு ஃபார்மே இல்லையே டாக்டர், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் கிளார்க். யார் கேட்டிருப்பார்கள்? துறையில் எனக்கு முன் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனால், துறைக் கடிதம் கொண்டுவா என்றார். துறையிலோ, அவர் எழுதிக் கேட்டால் தருகிறோம் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது அதிகாரி விடுப்பில் இருந்தார். நடுவில் என் கேஸ்கள் மட்டும் நிற்கவில்லை.

இதில் தாமதம் ஏன் வயிற்றெரிச்சல் என்றால், பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, கர்ப்பத்தை அறிவித்த நாளிலிருந்து மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வரம்பு. அறிவிக்கும்வரை நாம் சாதாரணப் பணியாளர் கணக்கு: ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20. எழுதிக் கொடுக்காமல் விட்ட அந்த ஐந்து வாரமும் காகிதத்தில் நான் கர்ப்பிணியே இல்லை! (அமெரிக்காவில் கணக்கு வேறு, முழுக் கர்ப்பத்துக்கும் 5. உங்கள் ஊர் விதியைப் படித்துவிட்டே போங்கள்.)

கடைசியில் பேட்ஜ் வந்தது. கூடப் படிக்கும் ஆண் மருத்துவர் ஒருவரின் பெயரில். "என் கர்ப்பத்தைக் கவனிச்சுக்கச் சொல்றாங்க" என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். சிரித்தேன். அப்புறம் பெயர் மாற்ற இன்னும் நான்கு நாள்.

ஏப்ரன் கதை தனி. தியேட்டரில் தொங்கியவை எல்லாம் அகலத் தோள்களுக்கானவை. கையைத் தூக்கினால் அக்குள் பக்கம் வாயைப் பிளக்கும். மார்பின் மேல்-வெளிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அதிகம் தொடங்குவதும் அந்தப் பகுதியில்தான். மேல்சட்டை, பாவாடை என்று இரண்டாகப் பிரிந்த வகையைக் கேளுங்கள். பாரம் இடுப்புக்கு இறங்கும், வயிறு பெரிதாகும்போது தளர்த்திக்கொள்ளலாம். அக்குள் மறைப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

நிற்கும் இடமும் முக்கியம். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது எக்ஸ்-ரே குழாய் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள். சிதறல் அங்கேதான் அதிகம். எதிர்ப்பக்கம், கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர் அருகில் நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அளவு ஏறக்குறைய கால்பங்காகும். படம் எடுக்கும் நொடியில் ஓரடி பின்னால் போவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

சொன்னார் ஒருவர். "இதுக்குத்தான் பெண்களை எடுக்க யோசிக்கிறோம்" என்று, தியேட்டரில், எல்லோர் முன்பும். அமெரிக்க எலும்பு அறுவைசிகிச்சை வாரியத்தின் சான்றிதழை ரூத் ஜாக்சன் 1937-லேயே பெற்றுவிட்டார், இன்னும் யோசித்து முடிக்கவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கையில் திருகு இருந்தது, பேசாமல் பொருத்தினேன். அது கோணாமல் உட்கார்ந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பிரசவம் நல்லபடி முடிந்தது. அந்தப் பேட்ஜின் மாத அறிக்கைகள் எல்லாவற்றிலும் அளவு கருவியில் பதியாத அளவுக்குக் குறைவு என்றே வந்தது. முதல் அறிக்கையைப் பார்த்த அன்று கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது விடுப்புக் கணக்கு. எத்தனை வாரம் தாண்டினால் பயிற்சி நீளும், செய்த அறுவைகளைப் பதியும் லாக்புக்கில் குறையும் கேஸ்களை எப்படி ஈடுகட்டுவது என்பதை விடுப்பில் போகும் முன்பே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்மா" என்றதை நம்பிப் போனேன். திரும்பி வந்தால் ஆறு வாரம் கூடுதலாக நிற்கச் சொல்கிறார்கள். எந்த விதிப்படி என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் கூட்டம். இந்த முறை மூன்று நகல், மூன்றிலும் பெற்றுக்கொண்ட கையெழுத்து.