ஸ்டியரிங் சீலை மாற்றுவதற்கு முன்

ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய் ஒழுகுகிறது என்று வருகிற பழைய பிக்கப் வண்டிகளுடன் தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடும்: அடிச் சீல் (பாக்ஸின் அடியில் எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, மாற்றினால் போதும். அண்மையில் வந்தவர் சீல் கிட்டையே வாங்கிக் கையில் வைத்திருந்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதலில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவச் சொன்னேன்.

எண்ணெய் எங்கே கசிந்தாலும் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வந்துதான் சொட்டும். பவர் ஸ்டியரிங் பம்பின் பின்புறம், பிரஷர் ஹோஸின் இணைப்பு, ஸ்டியரிங் தண்டு பாக்ஸுக்குள் நுழையும் இடத்துச் சீல், பக்க மூடியின் ஓ-ரிங் ஆகிய எதில் கசிவு இருந்தாலும் அது பாக்ஸின் மேல் வழிந்து, அடியில் இருக்கும் பிட்மேன் ஆர்மின் (சக்கரங்களைத் திருப்பும் கையின்) நட்டில் வந்து தொங்கும். அதைப் பார்த்து அடிச் சீலைக் கழற்றினால் நல்ல சீல்தான் கைக்கு வரும். கழுவி, உலர்த்தி, பாக்ஸ் முழுவதும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். உடன் வேலை செய்யும் தம்பி ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்ப, நான் கீழே விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஈரக்கோடு அடிச் சீலிலிருந்துதான் கிளம்பியது.

உரிமையாளர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் அந்தச் சீல் ஏன் போனது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த வகை பாக்ஸுக்குள் ஒரு திருகுத் தண்டு, அதன் மேல் ஒரு பெரிய நட், இரண்டுக்கும் இடையே உருண்டு உருண்டு திரும்பி வரும் எஃகுக் குண்டுகள். அந்த நட்டே ஹைட்ராலிக் பிஸ்டனாகவும் இருக்கிறது. அதன் பற்கள் செக்டர் தண்டின் பற்களைத் தள்ள, தண்டின் அடி முனையில் மாட்டிய பிட்மேன் ஆர்ம் சக்கரங்களைத் திருப்புகிறது. பள்ளம் மேட்டில் சக்கரம் வாங்கும் ஒவ்வோர் அடியும் இதே ஆர்ம் வழியாக அந்தத் தண்டுக்கே திரும்பி வருகிறது. அடிச் சீலின் மெல்லிய ரப்பர் உதடு உட்கார்ந்திருப்பது அந்தத் தண்டின் மேல்தான்.

தண்டு நல்ல நிலையில் இருந்தால் வேலை சுலபம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய சர்வீஸ் கையேடுகளில் பாக்ஸை இறக்காமலேயே செய்யும் முறை உண்டு: பிட்மேன் ஆர்மைக் கழற்றி, பூட்டு வளையத்தை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால், எண்ணெயின் அழுத்தமே பழைய சீலை வெளியே தள்ளிவிடும். இயந்திரத்தின் சொந்த பலத்தை அதன் பழுதுக்கே பயன்படுத்தும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பிட்மேன் ஆர்மைக் கழற்றுவதில் மட்டும் அவசரம் கூடாது. பல ஆண்டுகள் இறுகிய ஆர்ம் எளிதில் அசையாது. சிலர் தண்டின் முனையில் சுத்தியலால் அடிப்பார்கள். அந்த அடி உள்ளே இருக்கும் பற்களிலும் பேரிங்கிலும் போய் இறங்கும். புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவியை) மாட்டி, இறுக்கி, காத்திருந்து, மீண்டும் இறுக்குவதுதான் சரி. அப்படித்தான் கழற்றினோம்.

தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஆடியது. சீல் உட்காரும் இடத்தைத் துடைத்து நகத்தால் வருடினேன். துருப் பொத்தல்கள் நகத்தைப் பிடித்து நிறுத்தின. ஊசிப் பேரிங் தேய்ந்ததால் தண்டு ஆடுகிறது. ஆடும் தண்டைச் சீலின் உதடு தொடர்ந்து அணைத்திருக்க முடியவில்லை. அந்த இடுக்கில் தண்ணீரும் அழுக்கும் ஏறித் தண்டை அரித்திருக்கின்றன. கிட்டில் இருந்த புதிய சீலை இதன் மேல் போட்டால் அந்தப் பொத்தல்களே அதை அறுத்துவிடும்.

"அண்ணா, கசிவை நிறுத்தும் எண்ணெய் என்று விற்கிறார்களே, அதை ஊற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டார் உரிமையாளர். அது ரப்பரைச் சற்று உப்ப வைக்கும், அவ்வளவுதான். காய்ந்து சுருங்கிய சீலுக்குச் சில காலம் உதவலாம். அரித்துப்போன எஃகை அது நிரப்பாது. தண்டை அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அதன்பிறகு அவர் மறுக்கவில்லை.

பாக்ஸை இறக்கி, செக்டர் தண்டையும் பேரிங்கையும் மாற்றினோம். தண்டின் கீழ்முனைப் பற்கள் புதிய சீல்களைக் கீறாதபடி டேப் சுற்றிவிட்டு, அவர் கொண்டுவந்த சீல்களையே எண்ணெய் தடவி ஏற்றினோம்.

பாக்ஸின் மேலே இருக்கும், பற்கள் கவ்வும் இறுக்கத்தைச் சரிப்படுத்தும் திருகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்ததும் பலர் முதலில் கை வைப்பது அதில்தான். பற்கள் நேரான நிலையில் மட்டுமே இறுக்கமாகக் கவ்வும்படி செய்யப்பட்டவை. இருபுறமும் திரும்பிய நிலையில் தளர்வு இருக்கத்தான் வேண்டும். சக்கரம் திரும்பிய நிலையில் அதை இறுக்கினால், நேருக்கு வரும்போது பற்கள் நெரிபடும்; வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அது ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவது. நடுநிலையைக் கண்டுபிடித்து, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்கி, லாக் நட்டைப் பூட்டினேன்.

காற்றை வெளியேற்ற முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை ஓடவிடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினோம். பம்பில் எண்ணெய் பால்போல் நுரைக்காமல் நின்ற பிறகே வண்டியை இறக்கினோம்.

பிரஷர் ஹோஸின் ரப்பரில் வெடிப்புகள் தொடங்கியிருந்தன. இன்னும் கசியவில்லை. அடுத்த முறை அதை மாற்ற வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.