கோல் செல் கூட்டத்தில் கேங்கிலியானைத் தேடி

ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவை (ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று காட்டும் தரவு) வைத்து விழித்திரை செல்களை வகை பிரிக்க உட்காருபவர்கள் முதலில் திணறுவது உயிரியலில் இல்லை, கோப்பைத் திறப்பதில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புதுச்சேரி காலாப்பட்டில் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு கைடு மேடம் எடுத்துக்கொள்ளச் சொன்னது, 2015-இல் மெகோஸ்கோ குழுவினர் ‘செல்’ இதழில் வெளியிட்ட டிராப்-செக் தரவு. 14 நாள் வயதுள்ள எலிக்குட்டிகளின் விழித்திரையைத் தனித்தனி செல்களாகப் பிரித்து, எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் ஒரு செல்லும் ஒரு மணியுமாக அடைத்திருக்கிறார்கள். மணி ஒவ்வொன்றிலும் 12 எழுத்து டிஎன்ஏ பார்கோடு. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் ஆர்என்ஏ மணியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வரிசைப்படுத்தினாலும், எது எந்தச் செல்லுடையது என்று பார்கோடு காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தரவு ஜியோ (GEO) என்ற பொது ஜீன் தரவுத்தளத்தில் ஜிஎஸ்இ63473 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. கருவி வாங்க வசதியில்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடிவதற்கு அந்த ஒரு தாராளம்தான் காரணம். அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோப்பில் 24,658 ஜீன்கள் வரிசைகளாகவும் 49,300 பார்கோடுகள் பத்திகளாகவும் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள், 121 கோடிக்கு மேல் எண்கள். அப்படியே திறந்தால் 9 ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்கும், 8 ஜிபி லேப்டாப் நின்றுவிடும். ஆனால் அந்த எண்களில் மிகப் பெரும்பாலானவை பூஜ்யம். ஒரு செல்லில் சில நூறு ஜீன்கள்தான் பிடிபடுகின்றன. ஆகவே கோப்பைச் சில ஆயிரம் வரிசைகளாகப் படித்து, பூஜ்யமல்லாதவற்றை மட்டும் ஸ்பார்ஸ் வடிவில் சேமித்தால் சாதாரண லேப்டாப்பே போதும். இன்னொன்று: எலி ஜீன்களின் பெயரில் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக எழுதுவது வழக்கம். இந்தக் கோப்பிலோ எல்லாமே பெரிய எழுத்து. வழக்கப்படி தேடினால் ஒரு ஜீனும் கிடைக்காது.

கணக்கீட்டுப் படிகள் ஸ்கேன்பை என்ற பைத்தான் மென்பொருளில் எல்லோருக்கும் ஒன்றுதான். செல்லுக்குச் செல் மொத்த எண்ணிக்கையைச் சமன்செய்து, மடக்கை எடுத்து, அதிகம் மாறுபடும் ஜீன்களைப் பொறுக்கி, அண்டை செல்களைக் கண்டுபிடித்து, ஒத்த செல்களைச் சேர்க்கும் லைடன் முறையில் கூட்டம் பிரிப்பது. அதற்கு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. விழித்திரைக்கென்றே இருக்கும் சிக்கல்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதல் சிக்கல், மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களின் (ராட்) பெரும்பான்மை. மூலக் கட்டுரை கடைசியில் வகைப்படுத்தியது 44,808 செல்களை. அவற்றில் 29,400 கோல் செல்கள். அவை சிறியவை, ஆர்என்ஏவும் குறைவு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், சின்னச் சின்ன வகைகள் காணாமல் போகும். அதற்கு அவர்கள் செய்தது எளிய வேலை: 900 ஜீன்களுக்கு மேல் பிடிபட்ட 13,155 செல்களை மட்டும் வைத்து முதலில் வரைபடத்தை உருவாக்கி, மற்றவற்றைப் பிறகு அதன்மேல் பொருத்தினார்கள். நானும் அதே வழியில் போனேன். படம் உடனே தெளிவானது.

இரண்டாவது சிக்கல், ஒளியை உணரும் புரதமான ரோடாப்சினின் ஜீன். கோல் செல்லின் அடையாளமே அதுதான், ஆனால் படத்தில் எந்தக் கூட்டத்தைத் தொட்டாலும் ரோடாப்சின் தலைகாட்டியது. திசுவைப் பிரிக்கும்போது உடைகிற கோல் செல்களின் ஆர்என்ஏ கரைசலில் கலந்து எல்லாத் துளிகளுக்குள்ளும் போய்விடுகிறது. கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்த வெற்றிலையிலும் அந்த வாசனை ஏறுவதுபோல. லேபில் எனக்கு சீனியரான அக்கா ஒருவர், “ரோடாப்சின் இருக்கான்னு பார்க்காதே, மற்ற கூட்டத்தைவிட எவ்வளவு கூடுதலா இருக்குன்னு பாரு” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது. ரோடாப்சினும், கோல் செல்களிடமிருந்து சமிக்ஞையை வாங்கிக் கடத்தும் பைபோலார் செல்களின் ஜீன்களும் இரண்டுமே ஓங்கி நிற்கிற கூட்டமாக இருந்தால் கதை வேறு. ஒரே துளிக்குள் இரண்டு செல் மாட்டியிருக்கும், அதை நீக்கிவிட வேண்டும்.

பெயர் சூட்டும் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. மென்பொருள் கொடுப்பது 0, 1, 2 என்று எண்கள் மட்டுமே. 7-ஆம் கூட்டம் யார் என்று அதற்குத் தெரியாது. ஒரு நோட்டில் கோடு போட்டு, ஜீன்களை மேலேயும் கூட்டங்களைப் பக்கவாட்டிலும் எழுதிக்கொண்டேன். விஎஸ்எக்ஸ்2 என்ற ஜீன் பைபோலார் செல்களின் அடையாளம் என்று எங்கும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பினால், நரம்பு செல்களைத் தாங்கிப் பிடிக்கும் முல்லர் செல்களும் பைபோலார் பட்டியலில் ஏறிவிடும், ஏனென்றால் அவற்றிலும் அது உண்டு. கூடவே குளூட்டமின் சிந்தடேஸ் என்ற நொதியின் ஜீன் ஓங்கியிருந்தால் அது முல்லர். பேக்ஸ்6-உம் அப்படித்தான். விழித்திரைக்குள் பக்கவாட்டில் இணைக்கும் அமக்ரைன், ஹரிசான்டல் செல்கள், மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்கிலியான் செல்கள் மூன்றிலும் வரும். ஜிஏடி1 சேர்ந்தால் காபா என்ற வேதிப்பொருளை வெளியிடும் வகை அமக்ரைன் பக்கம் போகலாம், ஆர்பிபிஎம்எஸ் சேர்ந்தால் கேங்கிலியான். அமக்ரைன் தீவுகளில் ஒன்றில் மட்டும் அசிடைல்கோலின் தயாரிக்கும் நொதியின் ஜீன் பளிச்சென்று எரிந்ததைப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அது ஸ்டார்பர்ஸ்ட் அமக்ரைன். ஒரு பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை விழித்திரையிலேயே கணக்கிட உதவும் செல். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவர்கள் எப்போதோ கண்டுபிடித்த அதே செல், என் திரையில் வெறும் எண்களிலிருந்து தனியாகப் பிரிந்து நின்றது.

கூட்டம் எத்தனை என்பதில் ஒரு எச்சரிக்கை. எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்ற அளவான ரெசல்யூஷனைக் கூட்டினால் கோல் செல்களே பல துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்தப் பரிசோதனைத் தொகுதியின் செல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே தொகுதியிலிருந்து மட்டும் வந்த துண்டு புது வகை இல்லை. மூலக் கட்டுரையின் 39 கூட்டங்களில் 21 அமக்ரைன், 8 பைபோலார், கோலுக்கு ஒன்றே ஒன்று. என் பிரிப்பு அதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதைத்தான் அறிக்கையில் விரிவாக எழுதினேன்.

கேங்கிலியான் செல்கள்? 44,808-இல் வெறும் 432, ஒரே கூட்டம். இது என்னை விடவில்லை. எங்கள் பாட்டிக்குக் கிளாக்கோமா. கடலூரிலிருந்து தவளக்குப்பம் கண் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போவேன். அந்த நோயில் சாவது இந்தச் செல்கள்தான், பார்வை நரம்பே இவற்றின் நீண்ட இழைகளால் ஆனது. இவ்வளவு முக்கியமான செல்லில் வகைகளே இல்லையா என்று மேடத்திடம் கேட்டேன். “432-ஐ வச்சு என்னம்மா பிரிக்க முடியும்? முதல்ல அதை மட்டும் சேர்த்தெடுக்கணும்” என்றார்.

உண்மையில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2016-இல் கார்த்திக் சேகர் குழுவினர் பைபோலார் செல்களைத் தனியாகச் சேர்த்தெடுத்து சுமார் 25,000 செல்களை ஆராய்ந்தபோது 15 வகை கிடைத்தது. ஒவ்வொரு வகையையும் திசுவில் வடிவத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் கூட்டத்தை வகை என்று அழைக்கக்கூடாது என்பது என் கருத்து. 2019-இல் 35,699 கேங்கிலியான் செல்களிலிருந்து 46 வகைகள் பிரிந்தன. 2020-இல் அமக்ரைன் 63 வகை ஆனது.

அந்த 2019 ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. எலியின் பார்வை நரம்பை நசுக்கி, எந்த வகை கேங்கிலியான் செல் முதலில் சாகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே வேகத்தில் சாவதில்லை. ஆல்ஃபா வகைகளும், தாமே ஒளியை உணரும் மெலனாப்சின் வகைகளும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. எலிக்கு ஃபோவியா (கூர்மையான பார்வைக்கான விழித்திரை மையக்குழி) கிடையாது, நசுக்குவதும் கிளாக்கோமாவும் ஒன்றில்லை, எனவே இதை மனிதக் கண்ணுக்கு நேரடியாகக் கொண்டுவர முடியாது. ஆனாலும் அடுத்த செமஸ்டருக்கு அந்தத் தரவைத்தான் கேட்டிருக்கிறேன், மேடமும் சரி என்று சொல்லிவிட்டார்.