நிலம் அளந்த ராஜாவுக்கு லீவு

மூன்று மா நிலத்தில் ஒரு வரப்புத் தகராறு. சித்தப்பா வருடாவருடம் அண்டை வெட்டும்போது தன் பக்கம் ஒரு கை கூடுதலாகச் சீவுவார். இருபது வருடத்தில் வரப்பு எங்கள் பக்கம் நடந்தே வந்துவிட்டது.

அளக்க மனு கொடுத்து, பணம் கட்டி, நடையாய் நடந்து, கடைசியில் சர்வேயர் இறங்கிவந்தார். "வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க, கையோட போயிடலாம்."

நாங்கள் இருப்பது மன்னார்குடி. நிலம் அம்மாப்பேட்டைப் பக்கம். அன்று காலை பையன் வழக்கம்போல் பள்ளிக்கூடம் கிளம்பினான், எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஐப்பசி அடைமழையில் பஸ் மாறிப் போய் இறங்கினால், ஆபீஸ் கேட்டில் பூட்டு. துருப்பிடிக்காமலிருக்க அதற்குப் பாலித்தீன் பை சுற்றிக் கட்டியிருந்தார்கள். நான்தான் நனைந்துகொண்டு நின்றேன்.

எதிர் டீக்கடைக்காரர் சிரித்தார். "இன்னிக்கு ராஜராஜனுக்குச் சதயம்ணே. தஞ்சாவூர் ஜில்லாவுக்கு லீவு."

கி.பி. 1001 வாக்கில் சோழநாட்டையே அளக்க வைத்த மனிதர். அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம். அவர் பிறந்த நட்சத்திரத்துக்குப் போய் சர்வேயருக்கு லீவு! நியாயமாக அன்றைக்கு இரண்டு சங்கிலியோடு வந்திருக்க வேண்டும்.

சரி, வந்ததற்கு விவசாய நகைக்கடனையாவது புதுப்பிப்போம் என்று பேங்குக்குப் போனேன். திறந்திருந்தது. உள்ளூர் விடுமுறை 1881ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தில் வராதாம், அதனால் பேங்குக்கு லீவு கிடையாதாம். அந்தம்மா பொறுமையாக விளக்கிவிட்டு, "பயிர்க் கணக்கு, அதான் அடங்கல், கொண்டாந்திருக்கீங்களா சார்? வி.ஏ.ஓ. கையெழுத்தோட?" என்றார்.

வி.ஏ.ஓ.வுக்கும் சதயம்தான்.

லீவுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை ஆபீஸ் உண்டு என்றார்கள். போனேன். பூட்டு இல்லை, பாலித்தீன் பை மட்டும் கேட்டில் தொங்கியது. சர்வேயர் சொந்த லீவில் இருந்தார்.

இதைச் சொன்னதும் பையனுக்கு வேறு கவலை. "அப்ப ராஜராஜன் நமக்கு ராஜா இல்லையாப்பா? எங்களுக்கு மட்டும் ஏன் லீவு விடல?"

மன்னார்குடி 1997-இல் திருவாரூர் மாவட்டத்துக்குள் வந்த கதையைச் சொல்லி, "நமக்குத்தான் ஆழித்தேருக்கு விடுறாங்களேடா" என்றேன்.

"அது தேருக்கு. ராஜாவுக்கு?"

சித்தப்பா மட்டும் போன் செய்து, அளந்தாச்சா என்று அக்கறையாக விசாரித்தார்.