ஊரடங்கில் நாலு குரல்: வீட்டிலிருந்தே பதிந்து சேர்த்த ஞானப்பாட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆலயப் பாடகர் குழு கூடுவதை 2020 மார்ச்சில் நிறுத்தினோம். அதே மாதம் 10-ஆம் தேதி அமெரிக்காவின் ஸ்கேஜிட்டில் பாட்டுப் பயிற்சிக்குப் போன 61 பேரில் 53 பேர் கொரோனா நோயில் விழுந்தார்கள். இருவர் இறந்தே போனார்கள். எங்கள் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் பாதிப் பேர் பெரியவர்கள். கூடுவது பாவம்.

ஆனால் நாலு குரலில் சேர்ந்து பாடும் கிறிஸ்தவ ஞானப்பாட்டைக் கைவிட மனசு வரவில்லை. ஒரே மெட்டில் பாடும் கீர்த்தனையை வீட்டில் ஒருவராகவே பாடிக்கொள்ளலாம். ஜெர்மன் மெட்டில், 18-ஆம் நூற்றாண்டில் மிஷனரி பப்ரிசியுஸ் தமிழாக்கிய பாட்டுக்கு அது போதாது. ஆல்டோவை (பெண்களின் கீழ்க்குரல்) மட்டும் பாடினால் எந்தப் பாட்டென்றே பிடிபடாது.

ஜூமில் சேர்ந்து பாட வழியில்லை. குரல்கள் ஒட்ட வேண்டுமானால் ஒருவர் குரல் மற்றவருக்குப் போய்ச் சேரும் தாமதம் சுமார் 30 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். அழைப்பில் அதைவிடப் பல மடங்கு ஆகிறது. அதனால் ஜூமில் சோல்ஃபா (டோ-ரே-மி சுரக் குறிப்பு) சொல்லிக்கொடுப்பது மட்டும். பாடுவது அவரவர் வீட்டில்.

ஜூலை: எல்லோருக்கும் கீபோர்டு பதிவை அனுப்பிப் பாட வைத்தோம். சுருதி சரி, தாளம் சரி, ஆனால் பாட்டில் மூச்சே இல்லை. பிறகு முறையை மாற்றினோம். முதலில் பேஸ் பெரியவர் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) காதில் வைத்துத் தனியே பாடுவார். அதைக் கேட்டு டெனர் (ஆண்களின் மேல்குரல்). இரண்டையும் கேட்டு ஆல்டோ. கடைசியில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்). பெரியவர் அடி முடிவில் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்களும் தானாக வாங்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுப் பாடுவதுதானே கொயர்!

செய்முறையில் உதவியவை: வயர் உள்ள ஹெட்செட் (புளூடூத் தாமதிக்கும்), ஒரு காதைத் திறந்து வைப்பது, தொடக்கத்தில் ஒரு கைதட்டல். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தத் தட்டல்களை நேராக்கினால் பாட்டு நேராகிவிடும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும்.

செப்டம்பரில் ஆலயம் திறந்தது. ஆனால் பாடகர் குழு வேண்டாம், பதிவு செய்த பாட்டைப் போடுங்கள் என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். எங்கள் பதிவுகளுக்கு வேலை வந்தது!

நவம்பர்: நிவர் புயல். கரண்ட் இல்லை. அரியாங்குப்பத்து டெனர் அண்ணன் மட்டும் போனில் மிச்சமிருந்த சார்ஜில் அட்வெந்துப் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) பாட்டைப் பதிந்து அனுப்பினார். பின்னணியில் காற்று கேட்கிறது, நீக்கவில்லை.

அடுத்து லெந்துப் (தவக்காலம்) பாட்டுகள். பேஸ் வந்துவிட்டது. ஆல்டோவுக்குப் புதிதாக இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், போனிலேயே சோல்ஃபா கற்றவர்கள்.