தோள் தசைநாண் சத்திரசிகிச்சைக்குப் பின் பதினொரு மாதங்கள்

அட்டன் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நான், கடந்த ஆடி மாத மழையில் பாசி படிந்த படிக்கட்டில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எழாமற்போன பிறகே ஸ்கேன் எடுத்தேன். கையை உயர்த்த உதவும் தசைநாண் எலும்பிலிருந்து கிழிந்து விலகியிருந்தது. கண்டியில் நுண்துளை வழியாகச் சத்திரசிகிச்சை செய்து, எலும்பில் சிறு பிடிப்பான்களைப் பதித்து, அவற்றின் நூலால் தசைநாணைத் தைத்தார்கள்.

முதல் வாரங்களில் உறக்கமின்மையே வாட்டியது. மல்லாந்து படுத்தால் தோள் பின்னோக்கி இழுபட்டதால், சுவரோரம் தலையணைகளை அடுக்கி, முழங்கையின் கீழும் ஒன்றை வைத்து, சாய்ந்தபடியே ஆறு வாரங்கள் உறங்கினேன். சட்டை அணியும்போது நோயுற்ற கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும் தாதியொருவர் கற்றுத் தந்தார். அக்குளைக் கழுவ, கையைத் தூக்காமல், முன்னே குனிந்து அதைத் தொங்கவிட்டால் போதும். கை கட்டப்பட்டிருக்கையில் லயத்துக்கு, அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளுக்கு, இறங்கும் ஒற்றையடிப் பாதைதான் எனக்குப் பெரும் அச்சமாக இருந்தது. சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் உண்டு என்பதால், மழை நாட்களில் துணையின்றி வெளியே செல்லவேயில்லை.

உண்மையான ஆபத்து வலி குறைந்த பிறகே தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில், குணமாகிவிட்டதென எண்ணி, கைக்கட்டைக் கழற்றிவிட்டு வெந்நீர்க் கேத்தலைத் தூக்கினேன். அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னபோது பிசியோதெரபிஸ்ட் கடிந்துகொள்ளவில்லை. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது எலும்போடு ஒட்டிப்பிடிக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேண்டும், அதற்குள் பாரம் தூக்கினால் தைத்த இடமே மீண்டும் கிழியக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா, தோள்வலியை வாயு என்று சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டே மலைக்குப் போனார். அவரது தோளை எந்த வைத்தியரும் பார்த்ததில்லை என்பது அன்று என்னை மிகவும் வருத்தியது.

அதன்பின் சொன்னதை மட்டுமே செய்தேன். ஆறு வாரங்கள் வரை குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவதும், இடது கையால் வலது கையைத் தூக்குவதும். பிறகு விரல்களால் சுவரில் ஏறுவது. மூன்று மாதங்களின் பின்னரே இறப்பர்ப் பட்டி. விரல் எட்டிய உயரத்தை ஞாயிறுதோறும் சுவரில் பென்சிலால் குறித்தேன். சில வாரங்கள் கோடு நகரவேயில்லை.

எட்டாம் மாதத்தில் கரும்பலகையின் மேல்வரியை எட்டினேன். இப்போது கொடியில் துணி காயப்போடுகிறேன், வலப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன். கை முதுகின் பின்னால் முழுமையாக வளைவதில்லை. சேலையின் பின்மடிப்பை இன்னும் மகளே சரிசெய்து விடுகிறாள்.